பிளிப் புரோட்டீன் ஸ்ட்ரக்சரை நீங்களே பாக்குறது எப்படி

பென்சிலினை உடைக்கிற டெம்-1ங்கிற பாக்டீரியா என்சைமோட வாயை அடைக்கிற புரோட்டீன்தான் பிளிப் (BLIP), இந்தப் புரோட்டீனைத் தயாரிக்கிறதும் ஒரு பாக்டீரியாதான், ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிளாவுலிஜெரஸ் (இதே மாதிரி என்சைம்களைத் தடுக்கிற கிளாவுலானிக் ஆசிட்ங்கிற மருந்தைத் தர்ற அதே ஆளு!). படிச்சா புரியாது, பாத்தாதான் புரியும்.

பைமால் (PyMOL, புரோட்டீனை 3டி-ல காட்டுற சாஃப்ட்வேர்) ஓப்பன் பண்ணுங்க, ஃபெட்ச்னு (fetch) போட்டு 1JTG கொடுங்க, என்சைமும் பிளிப்பும் ஒட்டியிருக்கிற ஸ்ட்ரக்சரோட கோட் இது. ஒரே ஜோடி ரெண்டு காப்பியா வரும், குழம்பாதீங்க, ஏ, பி செயினை (ஒவ்வொரு புரோட்டீன் சங்கிலிக்கும் ஒரு எழுத்து) மட்டும் வச்சுக்கிட்டு மத்ததை மறைச்சிடுங்க. ஏ என்சைம், பி பிளிப். கலர் மாத்திடுங்க.

இப்ப பிளிப்பை கார்ட்டூன்ல (ரிப்பன் மாதிரி காட்டுற வியூ) பாருங்க. 165 அமினோ ஆசிட்தான், ஒரே மாதிரி ரெண்டு டொமைன் (தனித்தனியா மடிஞ்ச பகுதி), ஒவ்வொண்ணுலயும் நாலு பீட்டா ஸ்ட்ராண்ட் (தட்டையான அம்பு மாதிரி தெரியும்), ரெண்டும் சேந்து உள்பக்கம் குழிஞ்ச கை மாதிரி என்சைமைப் பிடிச்சிருக்கும்.

முக்கியமான இடம் பிளிப்போட 49வது ரெசிட்யூ (சங்கிலியில 49வது அமினோ ஆசிட்), ஆஸ்பார்டேட். அதை ஸ்டிக்ஸ்ல (குச்சி குச்சியா காட்டுற வியூ) போட்டு ஜூம் பண்ணுங்க, என்சைமோட ஆக்டிவ் சைட்டுக்குள்ளயே (பென்சிலினை உடைக்கிற இடம்) நீட்டிக்கிட்டு நிக்கும், என்சைமோட செரின் 130, லைசின் 234, செரின் 235 எல்லாம் பக்கத்துலயே இருக்கும், மெஷர்ல தூரம் அளந்து பாருங்க. அப்புறம் பிளிப்போட 142வது ஃபினைல்அலனின், அது பென்சிலின் ஜி-யோட பென்சைல் ரிங் உக்கார்ற இடத்துல உக்காந்திருக்கும். மருந்து மாதிரியே வேஷம் போடுது பாருங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

கடைசியா என்சைம்ல குளூட்டமேட் 104, பிளிப்ல லைசின் 74, இந்த ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கிறதைப் பாருங்க. எஸ்எச்வி-1ங்கிற, டெம்-1 மாதிரியே இன்னொரு என்சைம்ல அந்த 104 ஆஸ்பார்டேட்டா இருக்கு, ஒரு கார்பன்தான் கம்மி, ஆனா பிளிப்போட பிடி சுமார் 1000 மடங்கு தளந்துடும்.