காயமில்லா எலியிலும் நீலம்: கசிவு அளவீட்டில் என் அனுபவம்

கண்டிக்கு அண்மையிலுள்ள எங்கள் ஆய்வுகூடத்தில் குருதியிலுள்ளவை முண்ணாணுக்குள் (முதுகெலும்பினுள் ஓடும் நரம்புத்தண்டு) எளிதில் புகாமல் காக்கும் குருதி–முண்ணாண் தடுப்பின் கசிவை இவான்ஸ் நீலம் என்ற சாயம் கொண்டு அளந்தபோது, காயப்படுத்தாத எலிகளின் முண்ணாணிலும் சாயம் கணிசமாகத் தென்பட்டது. இச்சாயம் குருதியில் அல்புமின் என்ற புரதத்தோடு பிணைந்து ஓடுவதால், தடுப்பு குலையாத இடத்தில் அது இழையத்துக்குள் பெரிதும் புகக் கூடாது. ஆகவே நாங்கள் அளந்தது கசிவை அல்ல, நாளங்களில் தேங்கிய குருதியையே என்று ஐயுற்றேன். உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தபோது, நீலம் மேற்பரப்பு நாளங்களின் வழியே மெல்லிய கோடுகளாக மட்டுமே ஓடியிருந்தது.

அக்குருதியைக் கழுவி அகற்ற, சேலைன் (உப்புக்கரைசல்) போத்தலை ஏறத்தாழ 120 சென்றிமீற்றர் உயரத்தில் தொங்கவிட்டோம். அது சுமார் 90 மில்லிமீற்றர் இரச அமுக்கத்தைத் தரும். மார்கழி மாதத்து மலைக்குளிரில் போத்தல் சில்லிட்டுக் கிடக்கும் என்பதால், நாளங்கள் சுருங்காதிருக்க அதை 37 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினோம். ஆழ்ந்த மயக்கத்திலிருக்கும் எலியின் இடது இதயவறை வழியே அதைச் செலுத்தி, வலது சோணையறையிலிருந்து வடிவது தெளிநீராகும் வரை தொடர்ந்தோம். இங்கே கடிகாரத்தை நம்புவதில் பயனில்லை. நிறத்தைத்தான் நம்ப வேண்டும்.

பிறகு முண்ணாணின் உறையை உரித்து, நிறை கண்டு, சாயத்தைப் பிரித்தெடுக்கும் கரைப்பானான போமமைட்டில் 60 பாகையில் ஓரிரவு ஊறவைத்து, மையநீக்கம் செய்து, கரைசலின் ஒளியுறிஞ்சலை 620 நனோமீற்றரில் வாசித்தோம். தெரிந்த சாய அளவுகளுக்கான நியம வளைகோட்டையும் போமமைட்டிலேயே வரைய வேண்டும். இப்போது காயமில்லா எலிகளின் பெறுமானம், சாயமே ஏற்றாத எலியின் பின்னணி வாசிப்பை ஒட்டி வருகிறது.