சீஸை உள்ளே பூட்டும் ஜூசி லூசி: சீடர் அவென்யூ முறை

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், சீடர் அவென்யூ என்ற சாலைக்குப் பக்கத்தில் எட்டு வருடம் குடியிருந்தேன். அந்தச் சாலையில் 35ஆம் தெரு முனையில் மேட்ஸ் பார், 58ஆம் தெரு முனையில் ஃபைவ்-எய்ட் கிளப். சீஸை மேலே வைக்காமல் கறிக்குள்ளேயே வைத்து மூடும் பர்கர் எங்களுடையதுதான் என்று இரண்டு கடையும் இன்றுவரை சொல்கின்றன. மேட்ஸ் பார் 1954இல் தொடங்கியது. இரண்டு கறி வட்டத்துக்கு நடுவே சீஸ் வைத்துத் தரச் சொன்ன ஒரு வாடிக்கையாளர், கடித்ததும் வழிந்த சாற்றைப் பார்த்து வைத்த பெயர்தான் ஜூசி லூசி என்பது அவர்கள் கதை. ஆங்கிலத்தில் எழுதும்போது ஜூசியில் 'ஐ' எழுத்து விட்டுப்போனது. அதை அவர்கள் இன்னும் திருத்தவில்லை. மதுவிலக்குக் காலத்தில், 1928இல், கள்ளச்சாராயக் கடையாகப் பிறந்த ஃபைவ்-எய்ட் கிளப் அந்த 'ஐ'யைச் சேர்த்தே எழுதுகிறது. ஊரில் நீங்கள் எந்தக் கட்சி என்பது இந்த ஒரு எழுத்தில் தெரிந்துவிடும். நான் 'ஐ' இல்லாத கட்சி. 2014 ஜூனில் ஒபாமா வந்து சாப்பிட்டதும் மேட்ஸில்தான்.

சரி, செய்முறைக்கு வருவோம். ஒரு பர்கருக்கு 200 கிராம் மாட்டுக் கொத்துக்கறி. ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு இருக்கட்டும், குறைந்தால் வறண்டுவிடும். கறியைப் பிசையாதீர்கள், உப்பையும் இப்போது போடாதீர்கள். உப்புப் போட்டுப் பிசைந்தால் ரப்பர் மாதிரி இறுகிவிடும். இரண்டு பங்காக்கி, பட்டர் பேப்பரில் வைத்து, உள்ளங்கையைவிடச் சற்று அகலமாக, மெல்லிசாகத் தட்டிக்கொள்ளுங்கள்.

சீஸ் விஷயத்தில் மட்டும் கௌரவம் பார்க்க வேண்டாம். தாளில் சுற்றி வரும் அமெரிக்கன் சீஸ்தான் வேண்டும். அதில் சேர்க்கும் சிட்ரேட் போன்ற உப்புகளால், சூட்டில் கொழுப்புப் பிரியாமல் குழம்பாக உருகும். நல்ல செடார் சீஸ் வைத்துப் பார்த்தேன். எண்ணெய் தனி, கட்டி தனியாக நின்றது. இரண்டு துண்டை நான்காக மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக நடுவில் வையுங்கள். சுற்றிலும் இரண்டு விரல் அகலம் வெறும் கறி தெரிய வேண்டும்.

இனி மூடுவது. எல்லாமே இதில்தான் இருக்கிறது. மேல் வட்டத்தைப் போட்டதும் நடுவிலிருந்து வெளியே தடவிக் காற்றை விரட்டுங்கள். பிறகு கொழுக்கட்டை ஓரம் ஒட்டுகிற மாதிரி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஓரம் முழுக்கக் கிள்ளிக்கொண்டே வாருங்கள். இரண்டு வட்டமும் சேர்ந்த கோடு கண்ணுக்கே தெரியக் கூடாது. முதல் முறை இதில் அவசரப்பட்டேன். சீஸ் முழுக்கத் தோசைக்கல்லில் ஓடிக் கருகி, கையில் வெறும் கறிதான் மிஞ்சியது. அப்புறம் அம்மா மோதகம் பிடிப்பதை நினைத்துக்கொண்டு ஒட்டினேன், நின்றது.

இரும்புத் தோசைக்கல்லை மிதமான தீயில் காயவைத்து, கறியின் மேல்பக்கம் உப்பும் மிளகும் தூவி, அந்தப் பக்கம் கீழே வருமாறு போடுங்கள். ஐந்து நிமிடம் தொடவே வேண்டாம். திருப்பி, மறுபக்கமும் உப்புப் போட்டு, பல்குத்தும் குச்சியால் மேலே ஒரே ஒரு துளை. சீஸிலுள்ள நீர் ஆவியாகி நடுப்பகுதி பூரி மாதிரி உப்பும்; துளை இல்லாவிட்டால் ஓரம் வெடிக்கும். இன்னொரு ஐந்து நிமிடம். தெர்மாமீட்டர் இருந்தால் கறிப் பகுதியில் குத்துங்கள், 71 டிகிரி செல்சியஸ் வர வேண்டும். கல்லில் இறங்கிய கொழுப்பிலேயே நறுக்கிய வெங்காயத்தை வதக்குங்கள்.

பன், வெங்காயம், ஊறுகாய் வெள்ளரித் துண்டு, அவ்வளவுதான். தக்காளி, கீரை, மயோனைஸ் எல்லாம் வைத்தால் அது வேறு பர்கர். எங்கள் வீட்டில் மாட்டுக்கறி சாப்பிடாதவர்களுக்கு ஆட்டுக் கொத்துக்கறியில் செய்கிறேன். அதற்கும் சீஸை மாற்றுவதில்லை.

எடுத்தவுடன் கடிக்காதீர்கள். உள்ளே இருப்பது கொதிக்கிற குழம்பு. நான்கு நிமிடம் ஆறவிட்டு, ஓரத்தில் சின்னதாக ஒரு கடி கடித்து, ஆவி போனபிறகு சாப்பிடுங்கள்.