16க்கு அப்புறம் ஏன் 18? பிரெஞ்சு அரியணையில் நாம் தடுக்கி விழும் இடங்கள்

16ஆம் லூயியின் மகன்தான் 18ஆம் லூயி என்று யாராவது எழுதியிருந்தால் தயவுசெய்து திருத்துங்கள். மகன் இல்லை, தம்பி. நடுவில் காணாமல்போன 17, மகன் லூயி ஷார்ல். பிரெஞ்சுப் புரட்சியில் 1793 ஜனவரி 21 அன்று அப்பாவின் தலை விழுந்த நிமிடமே, பாரிஸின் டெம்பிள் சிறையில் அடைபட்டிருந்த அந்த 7 வயதுப் பையன் அரச ஆதரவாளர்களின் கணக்கில் ராஜா ஆகிவிட்டான். முடி சூட்டவில்லை, ஒரு நாள்கூட ஆளவில்லை, 1795 ஜூன் 8இல் 10 வயதில் சிறையிலேயே செத்துப்போனான். ஆனாலும் எண் அவனுக்கு உண்டு; 1814இல் அரியணை ஏறிய சித்தப்பா அந்த எண்ணை விட்டுவிட்டுத்தான் தனக்கு 18 போட்டுக்கொண்டார்.

முடி சூட்டினால்தான் ராஜா என்று நினைப்பதும் இதே வகைத் தவறு. பட்டம் கட்டிக் கட்டிப் பழகிய கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு அப்படித் தோன்றுவது சகஜம், ஆனால் பிற்கால பிரான்சில் முந்தையவர் மூச்சு நின்றதுமே அடுத்தவர் ராஜா. 15ஆம் லூயி பெரியம்மையில் கிடந்தபோது வெர்சாய் அரண்மனையில் ஜன்னலோரம் ஒரு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்ததாம். அது அணைந்தால் ராஜா போய்விட்டார் என்று அடையாளம். அதன் பிறகு அரசவைக்காரர்கள் இடி இடிப்பதுபோல் திமுதிமுவென்று ஓடிவந்த சத்தத்திலேயே, தாங்கள்தான் இனி ராஜா ராணி என்று பேரன் 16ஆம் லூயிக்கும் அவர் மனைவி மரீ அந்துவானெத்துக்கும் தெரிந்துவிட்டது என்று அரண்மனைப் பணிப்பெண் ஒருவர் பின்னாளில் எழுதினார். அது 1774 மே 10. ரைம்ஸ் தேவாலயத்தில் முடிசூட்டு விழா நடந்ததோ 1775 ஜூனில்.

அடுத்தது ‘தோஃபான்’. இதைப் பட்டத்து இளவரசர் என்று மொழிபெயர்க்கலாம், பரவாயில்லை, ஆனால் அடுத்த வாரிசு யாராக இருந்தாலும் தோஃபான் என்று எழுதாதீர்கள். மகன், மகன் இல்லாவிட்டால் மகன் வழிப் பேரன், கொள்ளுப்பேரன், அவ்வளவுதான். 14ஆம் லூயிக்கு 1711 ஏப்ரலுக்கும் 1712 மார்ச்சுக்கும் இடையில் மகன், பேரன், மூத்த கொள்ளுப்பேரன் என்று மூன்று தோஃபான்கள் வரிசையாக இறந்தார்கள், மிச்சமிருந்த 2 வயதுக் குழந்தை நான்காவது தோஃபான் ஆனது. அதுதான் பிற்பாடு 15ஆம் லூயி. தம்பிக்கு இந்தப் பட்டம் கிடையாது. 16ஆம் லூயிக்கு ஆண் குழந்தை பிறக்கும்வரை, அதாவது 1781வரை, வாரிசு என்னவோ அவருடைய தம்பிதான், ஆனால் அவருக்குப் பெயர் வெறும் ‘மொஸ்யே’. தெருவில் போகிறவரைக் கூப்பிடும் அதே சொல். அரண்மனைக்குள் மட்டும் அது ராஜாவின் மூத்த தம்பியைக் குறிக்கும். ஆமாம், மேலே பார்த்த சித்தப்பாவேதான்.

பெண்கள் ஏன் ஆளவில்லை என்று கேட்டால் உடனே சாலிக் சட்டம், அதாவது பெண்களுக்கு வாரிசுரிமை இல்லை என்று காட்டப்படும் பழைய ஃபிராங்கியச் சட்டம், என்பார்கள். பதில் பாதிதான் சரி. 1316இல் 10ஆம் லூயி இறந்தபோது ராணி கர்ப்பிணி, பிறந்த ஆண் குழந்தை முதலாம் ஜான் ஐந்தே நாளில் போய்விட்டது, மிச்சம் 4 வயது அக்கா ழான். சித்தப்பா பிலிப் முந்திக்கொண்டு ரைம்ஸில் முடி சூட்டிக்கொண்டார், பெண்ணுக்கு அரியணை இல்லை என்று 1317இல் ஒரு சபை கூடித் தலையாட்டியது. அப்போது சாலிக் சட்டத்தை யாரும் வாயில்கூட எடுக்கவில்லை! அதே நூற்றாண்டின் பிற்பாதியில்தான் பழைய ஃபிராங்கிய ஏட்டைத் தூசி தட்டி எடுத்து, இங்கிலாந்து ராஜா தாய் வழியில் கேட்ட உரிமைக்கு எதிராக வாதாடத் தொடங்கினார்கள். என் கருத்தில், முதலில் நடந்தது சித்தப்பாவின் சாமர்த்தியம், சட்டம் பிறகு வந்த ஒட்டு.

அரியணை ராஜாவின் சொந்தச் சொத்து என்று நினைப்பதும் தவறு, இஷ்டப்படி எழுதி வைக்க முடியாது. 1420 துருவா ஒப்பந்தத்தில் 6ஆம் ஷார்ல் தன் மகனை ஒதுக்கிவிட்டு மருமகனான இங்கிலாந்தின் 5ஆம் ஹென்றியை வாரிசாக்கினார். கிரீடம் உங்களுடையது இல்லை, கொடுக்க நீங்கள் யார் என்று மகன் தரப்பு சட்ட அறிஞர்கள் எழுதித் தள்ளினார்கள். கடைசியில் ஆண்டது மகன்தான்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். 1830இல் வந்த லூயி ஃபிலிப்பை ‘பிரான்சின் அரசர்’ என்று எழுதாதீர்கள். அவர் ‘பிரெஞ்சு மக்களின் அரசர்’, அவருடைய மூத்த மகனும் தோஃபான் இல்லை, வெறும் ‘அரச இளவரசர்’.