ஸ்டீல் வாக்வே பெடஸ்டல்ல விரிசல், காரணம் அஸ்திவாரம் இல்ல

30 மீட்டர் ஸ்டீல் வாக்வே (நடைபாதை), ஒரு முனைய தாங்குற பெடஸ்டல்ல, அதாவது குட்டையான கான்கிரீட் தூண்ல மட்டும், அதுக்குள்ள பதிச்ச ஆங்கர் போல்ட்ல இருந்து ஓரத்துக்கு சாய்வா விரிசல். அஸ்திவாரம் இறங்கிருச்சுன்னாங்க, லெவல் வச்சு பாத்தா இறங்கவே இல்ல. உள்ள கம்பி துருப்பிடிச்சிருக்கும்னு கொஞ்சம் உடைச்சு, கான்கிரீட்டோட காரத்தன்மைய காட்டுற பினால்ப்தலீன் அடிச்சா பளிச்சுனு பிங்க், அதாவது காரம் குறையல, கம்பியும் சுத்தம். நாள் நாளா இதுலயே போச்சு.

அப்புறம் விரிசல் அகலத்த காலையிலயும் மத்தியானமும் அளந்தோம், வெயில் ஏற ஏற விரியுது! 20 டிகிரி கூடினாலே 30 மீட்டர் ஸ்டீல் சுமார் 7 மில்லிமீட்டர் நீளும், அதுக்குன்னு பேஸ் பிளேட்ல (வாக்வேயோட அடித்தகடு) போல்ட்ட சுத்தி விட்ட நீள்துளைக்குள்ள கிரவுட் (இடைவெளிய நிரப்புற சிமென்ட் கலவை) ஏறி இறுகிக் கெடக்கு, அதனால பிளேட் நகர முடியாம போல்ட்ட தள்ளுது, மேல பெரிய வாஷர் மூடினதால யாருக்கும் தெரியல.

கிரவுட்ட குடைஞ்சு எடுத்து, பிளேட் நகர்ற மாதிரி நட்ட கையால முறுக்குற அளவுக்கு மட்டும் வச்சு, அது கழராம இருக்க லாக் நட் போட்டோம். ரெண்டு வேளையும் விரிசல் அளவு ஒண்ணா வந்தப்புறம்தான் விரிசல ஒட்டுற எபாக்ஸி பசைய ஏத்தினோம், அப்பாடா. முன்னாடியே ஏத்தியிருந்தா பக்கத்துல புதுசா வெடிச்சிருக்கும்.