பஃபலோ பவுண்ட் ஏரிக்கரையில் முகாமிடப் போகிறவர்களுக்கு

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் ரெஜைனாவிலோ மூஸ் ஜாவிலோ புதிதாகக் குடியேறும் நம்மவர்கள், முதல் கோடையிலேயே கூடாரம் வாங்கிக்கொண்டு புறப்படும் இடங்களில் ஒன்று பஃபலோ பவுண்ட் மாகாணப் பூங்கா. குவாப்பெல் பள்ளத்தாக்கில் ஒடுங்கி நீண்டு கிடக்கும் ஆழமில்லாத ஏரி, வேலிக்குள் மேயும் காட்டெருமைக் கூட்டம், நிக்கோல் பிளாட்ஸ் சதுப்பு நிலத்தின் மீது போடப்பட்ட மரப்பலகைப் பாதை என ஒரு வார இறுதிக்குப் போதுமானவை அங்கே உண்டு. தெற்கு பார்த்த சரிவுகளில் சப்பாத்திக்கள்ளி முளைத்திருப்பதைப் பார்த்தால், பனிக்கு அஞ்சி வீட்டுக்குள் கிடந்த மனம் சற்று இளகும்.

முறையான காரியங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முகாம் இடத்தை இணையத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். வாகன நுழைவு அனுமதிக்குத் தனிக் கட்டணம். எல்ம் மர விறகைக் கொண்டு செல்வது இந்த மாகாணத்தில் சட்டவிரோதம் என்பதால், விறகை வீட்டிலிருந்து ஏற்றிச் செல்ல வேண்டாம். நெருப்புத் தடை இருக்கிறதா என்று கிளம்பும் நாளிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். மே, ஜூன் மாதங்களில் புல்வெளியில் நடந்து திரும்பினால், குழந்தைகளின் காதுமடல், அக்குள், தலைமுடி ஆகியவற்றில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும்.

நான் விரிவாகச் சொல்ல வந்தது தண்ணீரைப் பற்றி. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஆகஸ்ட் மாதத்தில் அங்கே முகாமிட்டபோது, கொண்டுபோன தண்ணீர் தீர்ந்துவிட்டது. குழாய் சற்றுத் தொலைவில் இருந்ததால், ஏரித் தண்ணீரை மொண்டு, நன்றாகக் கொதிக்கவைத்து, அதிலேயே சோறும் ரசமும் சமைத்தார்கள். ‘நம் வீட்டுக் குழாயில் வருவதும் இந்த ஏரித் தண்ணீர்தானே’ என்று நண்பர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது: இரண்டு நகரங்களுக்கும் குடிநீர் இங்கிருந்துதான் போகிறது, ஆனால் பெரிய சுத்திகரிப்பு நிலையத்தைக் கடந்து போகிறது. இரவுக்குள் பிள்ளைகள் இருவரும் வாந்தியெடுத்தார்கள். 811 என்ற சுகாதார எண்ணை அழைத்தபோது, செவிலியர் கேட்ட முதல் கேள்வியே ஏரி பச்சையாக இருந்ததா என்பதுதான்.

வயல்களிலிருந்து வழிந்து வரும் பாஸ்பரஸும், கோடை வெயிலும், காற்றடங்கிய நாள்களும் சேரும்போது, இந்தச் சமவெளி ஏரிகளில் நீலப்பச்சைப்பாசி பெருகுகிறது. பெயர் பாசியாக இருந்தாலும் அது ஒருவகை பாக்டீரியா. அதில் சில வகைகள் ஈரலையும் நரம்புகளையும் தாக்கும் நஞ்சை உண்டாக்குகின்றன, அந்த நஞ்சு கொதிக்கவைத்தால் அழிவதில்லை. கொதியிலோ குளோரின் மாத்திரையிலோ செல்கள் உடையும்போது உள்ளிருக்கும் நஞ்சு தண்ணீரில் கலந்து, நிலைமை இன்னும் மோசமாகலாம். காய்ச்சிக் குடித்தால் எதுவும் செய்யாது என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். கிருமிக்குச் சரியான அந்தப் பாடம் இங்கே உதவாது என்பதை வந்திறங்கியவர்களுக்கு யாரும் சொல்வதில்லை என்பதில் எனக்கு இன்றும் எரிச்சல் உண்டு.

கரையோரத் தண்ணீர் கொத்தமல்லிச் சட்னியைக் கரைத்துவிட்டதைப் போல் இருந்தால் இறங்காதீர்கள். ஐயமிருந்தால் ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள்: இழையிழையாகச் சுற்றிக்கொண்டு வந்தால் அது பெரும்பாலும் சாதாரணப் பாசி, பெயிண்ட் பூசியதுபோல் குச்சியில் ஒட்டினால் விலகிவிடுங்கள். எச்சரிக்கைப் பலகை இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, ஏனெனில் காலையில் எதிர்க்கரையில் இருந்த பாசியைக் காற்று மாலைக்குள் உங்கள் கரைக்குத் தள்ளிவிடும். தெரியாமல் இறங்கிவிட்டால் உடனே நல்ல தண்ணீரில் குளிக்க வேண்டும். நாய்கள் ஈரமான ரோமத்தை நக்கியே இறந்துபோகலாம் என்பதால் அவற்றையும் கழுவிவிடுங்கள். குடிக்கவும் சமைக்கவும் பாத்திரம் கழுவவும் வேண்டிய தண்ணீரை வீட்டிலிருந்தே பெரிய கேன்களில் கொண்டு செல்லுங்கள், அல்லது குடிநீர் என்று எழுதப்பட்ட குழாயில் பிடித்துக்கொள்ளுங்கள்.

மீன் பிடிப்பவர்களுக்கு இன்னொன்று. 16 வயது நிரம்பியவர்களில் பெரும்பாலானோருக்கு உரிமம் வேண்டும் என்பது தெரிந்ததுதான். பாசி படர்ந்த நாள்களில் பிடித்த மீனில் ஈரலையும் குடலையும் எறிந்துவிட்டு, சதையை மட்டும் நல்ல தண்ணீரில் அலசிச் சமைக்க வேண்டும். தலையைப் போட்டுக் குழம்பு வைக்க ஆசைப்படுகிறவர்கள் அதற்கான மீனை நகரத்துக் கடையில் வாங்கிக்கொள்ளட்டும்.