பொம்மை கேமராவில் ஃபிலிம் போடுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

பொம்மை கேமராதானே, எந்த ரோலைப் போட்டாலும் அழகாக ஏதோ ஒன்று வந்துவிடும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. நிலைமை அதற்கு நேர்மாறு. ஹோல்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 1982-இல் ஹாங்காங்கில் பிறந்த பிளாஸ்டிக் கேமரா அது. ஷட்டர், அதாவது வெளிச்சத்தை உள்ளே விடும் கதவு, திறந்து மூடும் வேகம் ஒன்றே ஒன்றுதான், சுமார் 1/100 விநாடி. வெயில், மேகம் என்று படம் போட்ட ஒரு சின்ன சுவிட்ச் உண்டு; பழைய ஹோல்காக்களில் அதைத் தள்ளினாலும் உள்ளே ஒன்றும் மாறாது. அப்படியானால் வெளிச்சத்துக்குத் தகுந்தாற்போல் மாற்ற நம் கையில் மிச்சம் இருப்பது ஃபிலிம் ஒன்றுதான். வீட்டுப் பரணில் தாத்தாவின் அக்ஃபா கிளிக் 3 என்ற பழைய கேமரா கிடந்தால் அதற்கும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். விலை உயர்ந்த கேமராவில் தவறான ரோலைப் போட்டாலும் சமாளிக்க வழி உண்டு. இதில் கிடையாது.

ஆகவே எந்த நேரத்தில், எந்த இடத்தில் எடுக்கப் போகிறோம் என்பதை முடிவு செய்துவிட்டு ரோலை வாங்குங்கள். ஐஎஸ்ஓ என்பது ஃபிலிம் வெளிச்சத்தை எவ்வளவு உணரும் என்பதன் எண்; உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100 ஃபிலிமுக்கு லென்ஸில் எஃப் 16 அளவுத் துளையும் 1/100 விநாடியும் போதும் என்பது பழைய வாய்பாடு. ஹோல்காவின் துளை அதைவிடப் பெரியது. எனவே பதினொரு மணி வெயிலில் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் 100 தாராளமாகப் போதும். அதே இடத்தில் 400 போட்டால், 100-க்கு ஏறுவதைப் போல நான்கு மடங்கு வெளிச்சம் ஏறியதற்குச் சமம். கலர் நெகட்டிவும் கருப்பு வெள்ளையும் இரண்டு மூன்று ஸ்டாப் வரை அதைத் தாங்கிக்கொள்ளும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்காவது). நெகட்டிவ் இல்லாமல் நேரடியாகப் படமே வரும் ஸ்லைடு ஃபிலிம் அரை ஸ்டாப்புக்கே வெளுத்துவிடும். பொம்மை கேமராவில் முதல் ரோலாக ஸ்லைடைப் போடவே போடாதீர்கள்.

அப்புறம் நிழல். பிரெஞ்சுக் குடியிருப்புத் தெருக்களில் மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, மரநிழல் எல்லாம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். ஆனால் அந்த நிழலில் இருக்கும் வெளிச்சம் வெயிலில் எட்டில் ஒரு பங்குதான். நம் கண் தானாகச் சரிசெய்துகொள்வதால் வித்தியாசம் தெரிவதில்லை, ஃபிலிமுக்குத் தெரியும். அங்கே 400-தான். கடற்கரைச் சாலைக் கட்டடங்கள் கிழக்கு பார்த்தவை என்பதையும் மறக்க வேண்டாம். மாலையில் அந்தச் சாலையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்தியதும் நிதானமாக எடுக்கலாம் என்று பலரும் போகிறார்கள். அந்நேரம் கட்டடத்தின் முகம் முழுக்க நிழலிலும் பின்னால் வானம் வெளிச்சமாகவும் இருக்கும். காலையிலும் அந்தச் சாலையில் வண்டி ஓடாத நேரம் உண்டு. சூரியன் கடலுக்கு மேல் நன்றாக ஏறியதும் எடுங்கள், 200-இலேயே அருமையாக வரும்.

காலாவதியான ஃபிலிம் பற்றி ஒரு மயக்கம் இருக்கிறது. பத்து வருடத்துக்கு ஒரு ஸ்டாப் கூடுதல் வெளிச்சம் கொடு என்பார்கள். குளிர்ச்சியாக வைத்திருந்த ரோலுக்கு அது ஓரளவு சரி. நம் கரையோரச் சூட்டிலும் ஈரப்பதத்திலும் கடை அலமாரியில் கிடந்த ரோலுக்குத் தேதியை வைத்துக் கணக்குப் போட முடியாது. பழைய ஸ்டுடியோவில் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' ரோல் கிடைத்தால் சந்தோஷமாக வாங்குங்கள். ஆனால் தங்கையின் நிச்சயதார்த்தத்தை அதில் எடுக்காதீர்கள். காலாவதி ரோலை நல்ல வெயிலில், நேரம் பார்த்துப் போடுங்கள். புது ரோலைக் காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வைப்பது நல்லது. வெளியே எடுத்த உடனே உறையைக் கிழித்தால் ஃபிலிம் மேல் நீர் கோத்துக்கொள்ளும். ஒரு மணி நேரமாவது பொறுங்கள்.

ஹோல்காவில் போடும் 120 என்ற அகல ரோலுக்கு உலோக டப்பி கிடையாது, பின்பக்கம் ஒட்டிய காகிதம்தான் காவல். கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்குப் போகிறீர்கள் என்றால், மணலில் நின்றுகொண்டு ரோல் மாற்றக் கூடாது. வண்டிக்குள்ளோ மர நிழலிலோ போய் மாற்றுங்கள். ஹோல்காவில் ரோல் தளர்வாகச் சுற்றிக்கொள்ளும் பழக்கம் உண்டு, அப்போது ஓரங்களில் வெளிச்சம் பட்டுவிடும். ஃபிலிம் பெட்டியின் அட்டையில் ஒரு துண்டைக் கிழித்து மடித்து, புது ரோலுக்கு அடியில் சொருகினால் இறுக்கமாகச் சுற்றும். பின்கதவில் எண் தெரியும் சிவப்புக் கண்ணாடிச் சன்னல் மேல் கருப்பு டேப் ஒட்டி, நிழலில் மட்டும் திறந்து பாருங்கள். இன்றைய ஃபிலிமுக்குச் சிவப்பும் தெரியும். அதே சன்னலில் 12, 16 என்று இரண்டு நிலை உண்டு. சதுரப் படத்துக்கு 12. மாற்றி வைத்தால் படங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும்.

லென்ஸ் மூடியைக் கழற்றினோமா, அடியில் இருக்கும் சுவிட்ச், அமுக்கிப் பிடிக்கும்வரை ஷட்டரைத் திறந்தே வைக்கும் 'பி'-யில் இல்லாமல், சாதாரண வேகத்துக்கான 'என்'-இல் இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் வேறு, லென்ஸ் வேறு என்பதால் மூடி போட்டிருந்தாலும் காட்சி அழகாகவே தெரியும். ஒரு படம் எடுத்ததும் உடனே சுற்றிவிடும் பழக்கம் வேண்டும். இரட்டைப் படம் வேண்டுமென்றால் வேண்டுமென்றே எடுங்கள்.

கருப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவுவோர் செய்யும் தவறு, குழாய்த் தண்ணீரை நம்புவது. படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் கரைசலின் நேரம் எல்லாம் 20 டிகிரிக்குச் சொன்னவை. மே மாதத்தில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் 30-ஐத் தாண்டும். பாக்கெட்டில் போட்ட நேரத்தை அப்படியே கொடுத்தால் நெகட்டிவ் கரிக்கட்டையாகிவிடும். டெவலப்பர், படத்தை நிலைக்கச் செய்யும் ஃபிக்ஸர், கழுவும் தண்ணீர் எல்லாவற்றையும் ஐஸ் போட்ட வாளியில் வைத்து ஒரே சூட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

லேபுக்கு அனுப்புகிறவர்கள் ரோலின் மேலேயே எழுதிவிடுங்கள்: கலர் நெகட்டிவ் என்றால் சி-41, ஸ்லைடு என்றால் இ-6; இவை கழுவும் முறைகளின் பெயர்கள். சினிமா ஃபிலிமை வெட்டிச் சுற்றிய ரோல் என்றால் கட்டாயம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். அதன் முதுகில் கரும்பூச்சு இருந்தால் அது சாதாரண மிஷினில் கரைந்து, அதே மிஷினில் ஓடும் மற்றவர்களின் ரோலையும் கெடுத்துவிடும். ஸ்கேன் செய்யும்போது நிறத்தைத் திருத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் தேடித்தேடி வாங்கிய ஃபிலிமின் நிறத்தை மென்பொருள் சரிசெய்துவிடும். நெகட்டிவைத் தூக்கிப் போட்டுவிடும் லேபுகளும் உண்டு, திருப்பிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.