சீமைக்கருவேலங்கரியால் படகு எண்ணெயை உறிஞ்சலாம்: வீட்டிலேயே செய்து பார்க்கும் முறை

2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்துக்குள் எண்ணெய் புகுந்தபோது, மீனவர்கள் வாளியாலும் மக்காலும் அதை அள்ளிக்கொண்டிருந்தார்கள். நம் பக்கம் அப்படி வந்தால் என்ன ஆகும் என்ற பயம்தான் என்னைக் கரியிடம் கொண்டுவந்து விட்டது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை இருக்கிறது. பாக் விரிகுடாவில் ஆவுளியா என்னும் கடல்பசு மேயும் கடற்புல் இருக்கிறது. இரண்டுமே எண்ணெயைத் தாங்காதவை.

ஆனால் கப்பல் எண்ணெய் கொட்டினால் அது கடலோரக் காவல்படையின் வேலை. நாம் கரியோடு கடலில் இறங்கக் கூடாது. நம் கையில் இருப்பது வேறு. படகின் அடியில் டீசலும் என்ஜின் ஆயிலும் கலந்து தேங்கும் தண்ணீரைத் தினமும் கடலில் இறைத்துக் கொட்டுகிறோமே, அதிலிருந்து எண்ணெயை முன்பே எடுத்துவிடலாம். இங்கே செய்யப்போகும், கரி நிரப்பிய சிறு பை அதற்குத்தான்.

தேவையானவை

சீமைக்கருவேலங்கரி, ஸ்டியரிக் ஆசிட், பழைய பாத்திரம் இரண்டு, சமையலறைத் தராசு, சல்லடை, கொஞ்சம் மஞ்சள்தூள். கமுதி, முதுகுளத்தூர், கடலாடி பக்கம் மூட்டம் போட்டு எடுக்கும் கரியே போதும். காற்றுப் புகாமல் மூடி எரிப்பதுதான் மூட்டம். மண்ணில் இடும் கரியான பயோசார் தயாரிப்பதும் அதே தத்துவம்தான். இரண்டு துண்டைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். உள்ளே பழுப்பாக இருந்தால் சரியாக வேகாத கரி, ஒதுக்கிவிடுங்கள்.

ஸ்டியரிக் ஆசிட் மெழுகுவத்தி மூலப்பொருள் விற்கும் கடையில் வெள்ளைச் செதிலாகக் கிடைக்கும். பெயரில் ஆசிட் இருந்தாலும் கையைச் சுடாது. அது ஒரு கொழுப்பு அமிலம். கரி தண்ணீரைத் தள்ளி எண்ணெயை ஏற்பதற்காக அதன்மேல் பூசப்போவது இதைத்தான்.

கரியை இடித்துக் கழுவுதல்

மூக்கில் துணி கட்டிக்கொண்டு கரியை ரவை அளவுக்கு இடியுங்கள். மாவாகப் போனதைச் சலித்து நீக்குங்கள். மாவு துணி வழியே கசிந்து தண்ணீரில் கலந்துவிடும், திரும்ப எடுக்க முடியாது.

இனி கழுவ வேண்டும். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். முதல் முறை நான் கழுவாமலே செய்தேன். கரி மிதக்கவில்லை, தண்ணீரும் பால்போலக் கலங்கியது. கரியில் ஒட்டியிருக்கும் சாம்பல் காரத்தன்மை உடையது. காரமும் கொழுப்பு அமிலமும் சேர்ந்தால் சோப்பு உண்டாகும். தண்ணீரைத் தள்ள வேண்டிய பூச்சு, தண்ணீரைக் கூப்பிடும் பூச்சாகிவிடுகிறது. அதனால் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, வடித்து, மறுபடி ஊறவையுங்கள். வடித்த தண்ணீரில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போட்டுப் பாருங்கள். ஆரத்தித் தண்ணீர்போலச் சிவந்தால் சாம்பல் இன்னும் இருக்கிறது. மஞ்சளாகவே நிற்கும்வரை கழுவுங்கள். அப்புறம் நல்ல வெயிலில் மொறுமொறுவென்று காயவிடுங்கள்.

பூச்சு

50 கிராம் காய்ந்த கரிக்கு 5 கிராம் ஸ்டியரிக் ஆசிட். இரண்டையும் ஒரு பாத்திரத்தில் போட்டு, அதைக் கொதிக்கும் தண்ணீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் வையுங்கள். ஸ்டியரிக் ஆசிட் ஏறக்குறைய 69 டிகிரியில் உருகும், எனவே அந்தச் சூடே போதும். நேரடி நெருப்பு வேண்டாம். உருகியதும் கால் மணி நேரம் விடாமல் கிளறி, ஆறவிடுங்கள். அமிலத்தின் ஒரு முனை கரியைப் பிடித்துக்கொள்ள, நீண்ட கொழுப்பு வால் வெளியே நீட்டிக்கொண்டு தண்ணீரைத் தள்ளும், எண்ணெயை ஏற்கும். அளவைக் கூட்டாதீர்கள். கரியின் நுண்துளைகள் அடைபட்டால் எண்ணெய் உள்ளே போக இடமிருக்காது.

ஆய்வகங்களில் இரும்பு ஆக்சைடு ஏற்றி, காந்தத்தால் இழுத்து எடுக்கும் கரியும் செய்கிறார்கள். தொடக்கத்தில் அது வேண்டாம்.

ஆறிய கரிமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். தாமரை இலைமேல் நிற்பதுபோல உருண்டு நின்றால் சரி. பரவி இறங்கினால் கழுவியது போதவில்லை.

பையும் சோதனையும்

துணிக்கடையில் தரும், துணிபோல இருக்கும் பாலிப்ரொப்பிலீன் பையை வெட்டி, பூச்சு ஏறிய கரியை உள்ளே நிரப்பி, உள்ளங்கை அளவில் சிறு தலையணையாகத் தையுங்கள். பருத்தித் துணி வேண்டாம், தண்ணீரைக் குடித்துவிடும். பாலிப்ரொப்பிலீன் தானே எண்ணெயை ஏற்கும்.

ஒரே எடையில் இரண்டு பை செய்யுங்கள். ஒன்றை ஒரு வாளி வெறும் கடல்தண்ணீரிலும், இன்னொன்றை 50 மில்லி கழிவு ஆயில் ஊற்றிய இன்னொரு வாளி கடல்தண்ணீரிலும் அரை மணி நேரம் மிதக்கவிட்டு, சொட்டு நின்றபின் எடை போடுங்கள். எண்ணெய்ப் பையின் எடையிலிருந்து தண்ணீர்ப் பையின் எடையைக் கழித்தால் பை பிடித்த எண்ணெய் ஏறக்குறைய எவ்வளவு என்று தெரியும். இப்படிக் கழிக்காமல் சொல்லும் கணக்கை நம்பாதீர்கள், அதில் பாதி தண்ணீராகவும் இருக்கலாம்.

படகில் பயன்படுத்தும்போது சோப்புத்தூள் மட்டும் போடவே கூடாது. எண்ணெய் பொடிப்பொடித் துளியாகச் சிதறித் தண்ணீரோடு கலந்துவிட்டால், மேலே மிதக்கும் பையால் அதைப் பிடிக்க முடியாது. கரையில் நிற்கும்போதே பையைக் கயிற்றில் கட்டிப் போட்டு, மேலே மினுக்கும் படலம் மறைந்தபின் தண்ணீரை இறையுங்கள்.

நனைந்த பையைக் கையுறை போட்டு ஒரு டின்னில் பிழிந்தால் மறுபடி பயன்படுத்தலாம். ஒவ்வொரு முறையும் பிடிக்கும் அளவு குறையும். எடை போட்டுப் பாருங்கள். முதல் முறை பிடித்ததில் பாதிக்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள். பழைய பையை அடுப்பில் எரிக்காமல், மணலில் புதைக்காமல், பிழிந்த எண்ணெயோடு மூடிய டின்னில் சேர்த்துவைத்து, கழிவு எண்ணெயை மறுசுழற்சி செய்ய உரிமம் பெற்றவர்களிடம் கொடுங்கள்.